தேர்க்கொடையும் கார்க்கொடையும்

(அட்சய திருதியை விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலைக்குக் காரவள்ளி அடிவாரத்திலிருந்து ஏறும் சாலையில் கொண்டை ஊசி வளைவுகள் 70 உள்ளன. முதன்முறை செல்வோர் வளைவுகளை எண்ணிக்கொண்டே ஏறுவர். பாதி வழியில் எண்ணுவதை விட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொள்வோரும் உண்டு. மேலே சென்றால் மிளகும் காப்பியும் அன்னாசியும் பலாவும் விளையும் ஊர்கள். சாமையும் தினையும் கேழ்வரகும் வழிவழியாக விளைந்த மேட்டு நிலங்கள். அங்கு வாழ்வோர் பெரும்பாலும் மலையாளி என்னும் பழங்குடியினர். கேரளத்து மக்களோடு இப்பெயரைக் குழப்பிக்கொள்ளல் ஆகாது. மலைவாழ்நர் என்னும் பொருளில் வழங்கும் தமிழ்ப்பெயர் அது. அம்மலைச் சிற்றூர் ஒன்றில் ஒருவருக்குக் கடும் நோய் வந்தால், பெரிய மருத்துவத்துக்கு நாமக்கல்லுக்கோ சேலத்துக்கோ இறங்க வேண்டும். அந்த வளைவுகள் அத்தனையையும் வலியோடு கடக்க வேண்டும்.

சமண இல்லங்கள் பலவற்றில் இக்காலத்தில் ஒரு பேச்சு எழுகின்றது. புதிய கார் வந்துவிட்டது; பழைய கார் வாசலில் நிற்கின்றது. விற்றால் கிடைக்கும் தொகை மனத்துக்கு நிறைவாக இல்லை. “கொல்லிமலை போன்ற இடத்தில் தொண்டு செய்வோரிடம் கொடுத்துவிட்டால் புண்ணியமாவது கிடைக்குமே அப்பா” என்கிறான் மகன். தந்தைக்கும் அது சரியெனப் படுகிறது. தாயார் அன்றே பூசைக்கு நாள் பார்க்கத் தொடங்கிவிடுகிறார். எண்ணம் நல்ல எண்ணம்தான். ஆயினும் அவ்வெண்ணம் தோன்றிய நேரத்துக்கும் அக்கார் மலைமேல் ஒருவருக்கு உதவும் நேரத்துக்கும் இடையே நெடுந்தூரம் இருக்கின்றது. அவ்விடைவெளியைப் பற்றியதே இவ்வுரை.

ஊர்தியைக் கொடையாக அளித்தல் தமிழருக்குப் புதிதன்று. கடையெழு வள்ளல்களை வரிசைப்படுத்திப் பாடும் சிறுபாணாற்றுப்படையில், அவ்வெழுவருள் இருவர் ஊர்தி ஈந்தே புகழ் பெற்றிருக்கின்றனர். பறம்பு மலைத் தலைவன் பாரி, படர்வதற்குக் கொம்பின்றித் தவித்த முல்லைக்கொடிக்குத் தன் தேரை நிறுத்திச் சென்றான். திருக்கோவலூர்ப் பகுதியை ஆண்ட காரி, இரவலர்க்குக் குதிரையையும் அதனோடு ஈரமான நல்ல சொற்களையும் சேர்த்து வழங்கினான். குதிரையோடு இன்சொல்லையும் ஒரு கொடைப் பொருளாக நல்லூர் நத்தத்தனார் எண்ணியிருப்பது கருதத் தக்கது. அதே வரிசையில் வரும் மற்றொருவன் ஓரி. கொல்லிமலையை ஆண்டவன் அவன். காரிக்கும் ஓரிக்கும் போர் மூண்டதும், ஓரி வீழ்ந்து கொல்லி சேரனுக்கு உரியதானதும் சங்க நூல்கள் கூறும் செய்திகள். கொன்றவனும் கொல்லப்பட்டவனும் ஒரே வள்ளல் பட்டியலில் இடம்பெற்றிருப்பது தமிழ் இலக்கியத்தின் விந்தைகளுள் ஒன்று.

பாரியின் செயலை அறியாமை என்று நகைப்போர் அன்றும் இருந்தனர், இன்றும் உள்ளனர். கொடிக்கு ஒரு மூங்கில் கழி போதாதா, தேர் எதற்கு என்பது அவர்கள் வினா. ஒன்றை அவர்கள் நோக்குவதில்லை. பாரி கொடுத்தது கொட்டிலில் கிடந்து மட்கிய தேரை அன்று. தான் ஏறி வந்த தேரை. கொடுத்த பின் அவன் இல்லம் திரும்பியது நடந்தாக இருத்தல் வேண்டும். மேலும், கொடியின் தேவை என்ன என்பதை அவன் முதலில் கண்டான்; அதன் பின்னரே தேரிலிருந்து இறங்கினான். கொடிக்குத் தேர் ஓட வேண்டியதில்லை, நின்றால் போதும். ஓடாத ஊர்தியைக் கொடுத்துப் புகழ் பெறுதல் முல்லைக்கொடி ஒன்றிடம் மட்டுமே இயலும் என்பதை இன்றைய கொடையாளர் நினைவில் வைத்தல் நன்று.

புறநானூற்றில் கபிலர் காரியைப் பற்றிப் பாடிய பாடல்களுள் இரண்டு இங்குப் பொருந்துவன. ஒன்றில், காலையிலேயே கள்ளுண்டு களித்திருக்கும் வேளையில் தேர் கொடுப்பது எவர்க்கும் எளிய செயல் என்றும், காரியோ மயக்கம் இல்லாத தெளிந்த நிலையில் தேர்களை வழங்குபவன் என்றும், அத்தேர்களின் எண்ணிக்கை முள்ளூர் மலையில் பெய்யும் மழைத்துளியிலும் மிகுதி என்றும் கூறுகிறார். மற்றொன்றில் அவனையே இடித்துரைக்கிறார். நிறையக் கொடுப்பது எளிது, பெறுவோரின் தகுதியும் நிலையும் அறிந்து கொடுப்பதே அரிது, ஆதலால் எல்லோரையும் ஒரே கண்ணால் பார்ப்பதை விடுக என்பது அவர் அறிவுரை. பரிசில் பெற வந்த புலவர், பரிசில் தரும் அரசனிடம் இதைச் சொல்ல முடிந்தது. இன்று கொடை பெறும் தொண்டமைப்பு ஒன்று கொடையாளரிடம் “ஐயா, இந்தக் கார் எங்களுக்கு வேண்டாம்” என்று சொல்ல முடிகிறதா? பெரும்பாலும் முடிவதில்லை. வாங்கிக்கொண்டு நன்றிக் கடிதம் எழுதிவிடுகின்றனர். பிறகு அக்கார் வேப்பமரத்தடியில் நிற்கின்றது.

வேண்டாம் என்று சொல்லக்கூடச் சொல் வழங்காத ஒரு பெருநிலையைச் சமண புராணம் காட்டுகின்றது. அட்சய திருதியைத் திருநாளுக்கு மூலமான வரலாறே அது. இன்று இத்திருநாள் நகைக்கடை வாசலில் வரிசை நிற்கும் நாளாகிவிட்டது. இதன் பிறப்போ ஒரு கிண்ணம் கரும்புச் சாற்றில். ஆதிநாதர் துறவு பூண்டு, ஆறு திங்கள் நோன்பு முடித்து, ஏற்றற்குரிய உணவை நாடி ஊர்தோறும் நடந்தார். நாட்டு மக்கள் அவர்மேல் அளவிறந்த அன்பு கொண்டவர்கள். எனினும் துறவிக்கு எதை எவ்வாறு அளிப்பது என்பதை அறியார். அதற்கு முன் அவ்வாறு ஏற்க வந்தவர் ஒருவரையும் அவர்கள் கண்டதில்லை. ஆகவே தம்மிடமிருந்த உயர்ந்த பொருள்களை எல்லாம் கொண்டுவந்து முன் வைத்தனர். மணியும் பொன்னும் பட்டும் வந்தன. யானையும் குதிரையும் தேரும் வந்தன. அவர் எதனையும் தொடாமல் நடந்தார். இவ்வாறு மேலும் பல திங்கள்கள் கழிந்தன. இறுதியில் அத்தினாபுரத்துச் சோமப்பிரபனின் தம்பி சிரேயாம்சன், முற்பிறவியில் முனிவர்க்கு உணவளித்த முறை நினைவுக்கு வரப்பெற்று, கரும்புச் சாற்றை உரிய முறையில் ஏந்தி நின்றான். பகவான் ஏற்றருளினார். தானம் என்னும் நெறி உலகில் தொடங்கிய நாளாக அது கொண்டாடப்படுகின்றது.

தேர் கொண்டுவந்தவர்களின் அன்பில் குறை ஏதும் இல்லை. பொருளும் மதிப்பில் குறைந்ததன்று. எனினும் அது தானமாகவில்லை. புராண ஆசிரியர்கள் அம்மக்களைப் பழிக்கவில்லை. அறியாதவர்கள் என்ற அளவில் பரிவோடு விட்டுவிடுகின்றனர். இன்றைய கொடையாளர்க்கு அந்தச் சலுகை இல்லை. தொலைபேசியில் ஒரு வினா கேட்டால் அறிந்துகொள்ளக் கூடியதை அறியாமல் இருப்பதற்கு அறியாமை என்று பெயர் சொல்ல முடியாது.

தத்துவார்த்த சூத்திரம், கொடையின் பயன் நான்கினால் வேறுபடும் என்கிறது. கொடுக்கும் முறை, கொடுக்கப்படும் பொருள், கொடுப்பவர், ஏற்பவர் என்பன அவை. இந்த நான்கனுள் கார் என்பது ஒன்றே ஒன்று, பொருள் மட்டுமே என்பதைக் கவனித்தல் வேண்டும். விருந்தோம்பல் விரதத்துக்கு அந்நூல் கூறும் குற்றங்கள் ஐந்தில் இரண்டு, பழைய கார் கொடைக்கென்றே எழுதப்பெற்றவை போல் உள்ளன. ஒன்று காலாதிக்கிரமம், கொடுக்க வேண்டிய காலம் கடந்த பின் கொடுத்தல். மற்றொன்று மாற்சரியம், ஏற்பவரை மதியாமலும் பிற கொடையாளரோடு போட்டியிட்டும் கொடுத்தல். ஏழாண்டு ஓடிய கார் நல்ல நிலையில் இருக்கும்போது கொடுக்க மனம் வருவதில்லை. பதினான்காம் ஆண்டின் முடிவில், பட்டறைக்காரர் கையை விரித்த பிறகு, கொடை நினைவு வருகின்றது. காலம் கடந்த கொடை என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

மிகுபொருள் விரும்பாமை என்னும் அணுவிரதத்தில், இல்லறத்தார் அளவு வகுத்துக்கொள்ள வேண்டிய புறப்பொருள்கள் பத்து எனப் பழைய நூல்கள் கூறும். நிலம், மனை, செல்வம், தானியம் எனத் தொடரும் அப்பட்டியலில் யானம் என்பதும் ஒன்று. யானம் என்றால் ஊர்தி. ஊர்திக்கும் ஓர் அளவு உண்டு என்பது காரின் காலத்துக்கு மிக முன்னரே எண்ணப்பட்டிருக்கின்றது. ஆகவே, இரண்டாவது கார் வீட்டுக்கு வந்த அன்றே முதல் காரைப் பற்றிய பேச்சு தொடங்கியிருக்க வேண்டும். அது துருப்பிடித்த அன்று அன்று.

சமணர் போற்றும் நால்வகைத் தானங்கள் ஆகாரம், அவுடதம், சாத்திரம், அபயம் என்பன. ஊர்தி இவற்றுள் எதிலும் நேரே இடம்பெறவில்லை. பெறாததும் பொருத்தமே. ஊர்தி தன்னளவில் தானம் ஆகாது. எதைச் சுமந்து செல்கிறதோ அதனால் அது தானமாகும். நோயாளியைச் சுமந்தால் அவுடத தானம். அரிசியும் பருப்பும் ஏற்றினால் ஆகார தானம். பள்ளிக்குப் புத்தகம் கொண்டுசென்றால் சாத்திர தானம். நான்காவதான அபயத்தை மட்டும் தனியே நிறுத்திப் பார்த்தல் வேண்டும். அபயமாவது, ஓர் உயிரை அச்சத்தினின்று காத்தல். பிரேக் தேய்ந்த ஒரு காரைக் கொல்லிமலைச் சாலைக்கு அனுப்புதல் எந்தத் தானத்தின் கணக்கில் வரும்? அதில் ஏறும் நோயாளியும் உடன் செல்லும் தாயும் ஓட்டுநரும் எதிரே நடந்து வரும் பள்ளிப் பிள்ளையும், அதுவரை இல்லாத ஓர் அச்சத்துக்கு ஆளாகின்றனர். கொல்லாமையை முதல் அறமாகக் கொண்டோர், விளக்கில் விட்டில் விழாமல் காப்போர், அந்தப் பிரேக்கைப் பற்றிச் சிந்திக்காமல் சாவியைக் கொடுக்கலாகாது.

சமவெளிச் சாலையில் குற்றம் தெரியாத கார், மலையில் தன் குற்றத்தைக் காட்டிவிடும். ஏறும்போது கிளட்சு அடி வாங்கும். தேய்ந்த கிளட்சுத் தட்டு நாற்றமடித்து நடுவழியில் நின்றுவிடும். இறங்கும்போது ஆபத்து இன்னும் அதிகம். தொடர்ந்து பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். ஆகவேதான் எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரில் இறங்கு என்பது மலைச்சாலை ஓட்டுநர்களின் பால பாடம். டயரின் வரிகள் மழுங்கியிருந்தால் மழை நாளில் வளைவு கொல்லும். ஏறிவரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது சாலை விதி. அதற்காக நிறுத்திய இடத்தில் கைப்பிரேக் நிற்க வேண்டும். நகரத்தில் கோயிலுக்கும் கடைத்தெருவுக்கும் போய்வந்த காரின் கைப்பிரேக்கைக் கடைசியாக எவர் சோதித்தார்?

இனி, பயன்படுத்திய கார் ஒன்று உண்மையிலேயே பெருங்கொடையான வரலாற்றைக் காண்போம். 1964 டிசம்பரில் திருத்தந்தை ஆறாம் பவுல் பம்பாயில் நடந்த நற்கருணை மாநாட்டுக்கு வந்தார். இந்தியப் பயணத்தில் அவர் பயன்படுத்துவதற்காக அமெரிக்காவிலிருந்து வெண்ணிறமான லிங்கன் கார் ஒன்று அன்பளிப்பாக வந்திருந்தது. புறப்படும்போது அதைக் கல்கத்தாவில் தொண்டு செய்துவந்த அன்னை தெரசாவுக்கு அளித்துச் சென்றார். அன்னை அதில் ஏறி ஊர்வலம் போகவில்லை. சேரிச் சந்துகளுக்குள் அந்த நீண்ட கார் நுழைந்திருக்கவும் முடியாது. அதன் எரிபொருட் செலவில் எத்தனையோ பேருக்கு உணவிடலாம். அவர் அதைக் குலுக்கல் பரிசாக வைத்துச் சீட்டு விற்றார். விற்றுவந்த பெரும்பணம், தொழுநோயாளிகள் குடியிருந்து உழைத்து வாழ்வதற்காக மேற்கு வங்கத்தில் உருவான சாந்தி நகர் என்னும் குடியிருப்புக்குப் பயன்பட்டது. காராக அது ஏழைகளுக்கு உதவவில்லை, பணமாகி உதவியது. கொடுத்தவர் “இதை நீங்கள் காராகவே வைத்திருக்க வேண்டும்” என்று நிபந்தனை விதித்திருந்தால் சாந்தி நகருக்கு அந்தப் பணம் வந்திராது. குலுக்கல் முறை சமண இல்லறத்தார்க்கு ஏற்புடையதா என்பது வேறு வினா. ஏலம் விட்டிருந்தாலும் கருத்து அதுவே.

அமெரிக்காவில் பழைய காரைத் தொண்டு நிறுவனத்துக்குக் கொடுத்தல் ஒரு பெருவழக்கம். 2000ஆம் வரியாண்டில் மட்டும் ஏறத்தாழ 7,33,000 பேர் அவ்வாறு கொடுத்ததாகக் கணக்குக் காட்டி, 65 கோடி டாலருக்கு மேல் வரியைக் குறைத்துக்கொண்டனர். 2003இல் அந்நாட்டு நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் 54 வாகனங்களை ஒவ்வொன்றாகத் தொடர்ந்து பார்த்தது. அவற்றுள் மூன்றில் இரண்டு பங்கில், கொடையாளர் காட்டிய மதிப்பில் நூற்றுக்கு ஐந்தோ அதற்கும் குறைவாகவோதான் தொண்டு நிறுவனத்தின் கைக்குப் போயிருந்தது. மீதி, இடைத்தரகிலும் விளம்பரத்திலும் ஏலச் செலவிலும் கரைந்தது; மதிப்பே கூட்டிக் காட்டப்பட்டதும் உண்டு. பிறகு 2005 முதல் சட்டத்தை இறுக்கினர். நிறுவனம் காரை விற்றால், விற்ற தொகை எவ்வளவோ அவ்வளவுக்கே சலுகை. நிறுவனமே அதைத் தன் பணிக்குக் கணிசமாகப் பயன்படுத்தினாலோ, செப்பனிட்டு மதிப்பை உயர்த்தினாலோ, ஏழை ஒருவருக்கு மிகக் குறைந்த விலைக்குக் கொடுத்தாலோ மட்டும் முழுச் சந்தை மதிப்பைக் காட்டலாம். பெறுபவர் கையில் பொருள் என்ன ஆயிற்று என்பதைக் கொண்டு கொடையை அளக்கும் முறையை வரிச்சட்டமே கண்டுபிடித்துவிட்டது!

இந்தியாவில் அந்தச் சலுகையே இல்லை. வருமான வரிச் சட்டம் தரும் நன்கொடைக் கழிவு பணமாகத் தந்த நன்கொடைக்கு உரியது. அதிலும் ரொக்கம் 2,000 ரூபாய்க்கு மேற்பட்டால் கணக்கில் வராது. அரிசியாகவோ ஆடையாகவோ காராகவோ தந்ததற்கு வரிக்கழிவு கிடையாது. இதைக் கேட்டுச் சிலர் முகம் வாடக்கூடும். ஆனால் இதில் ஒரு நன்மை உண்டு. காரைக் கொடுப்பவர் வரிக்காகக் கொடுத்தார் என்று எவரும் சொல்ல முடியாது. சலுகையும் வேண்டும் என்பவர், காரை விற்று அத்தொகையைக் காசோலையாகத் தரலாம். மலைமேல் உள்ள தொண்டருக்குப் பல வேளைகளில் அதுவே விருப்பமாகவும் இருக்கும்.

ஏன் என்பதற்கு ஒரு சிறு கணக்கு. பழைய கார் ஒன்று ஒன்றரை லட்சம் ரூபாய் பெறும் என்று வைத்துக்கொள்வோம். அதை ஓட்ட ஒருவர் வேண்டும். அவருக்குத் திங்கள் ஊதியம் 15,000 ரூபாய் என்றால் பத்துத் திங்களில் காரின் விலை ஊதியமாகவே போய்விடும். எரிபொருள், ஆண்டுதோறும் காப்பீடு, டயர், மலைச்சாலையால் அடிக்கடி வரும் பிரேக், கிளட்சு வேலை ஆகியவை தனி. ஆக, காரைக் கொடுத்தவர் ஒருமுறை கொடுத்தார். ஏற்றவர் ஆண்டு முழுதும் அந்தக் காருக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கிறார். செல்வர் ஒருவர் ஏழை உழவனுக்கு யானையைப் பரிசளித்தது போன்றது இது. யானையைக் கட்டத் தூணும் வேண்டும், தீனியும் வேண்டும்.

எனவே கார் கொடுப்போர் அதனோடு ஓராண்டுக் காப்பீட்டையும், கொடுப்பதற்கு முன் செய்து முடித்த பிரேக், கிளட்சு, டயர் வேலைகளையும், இயன்றால் முதல் ஆறு திங்கள் எரிபொருளுக்கான தொகையையும் சேர்த்தளித்தால் அது முழுக்கொடை. குடும்பம் ஒன்றால் ஆகாவிடில் நான்கு குடும்பங்கள் சேரலாம். ஒருவர் காரும், ஒருவர் காப்பீடும், ஒருவர் ஓட்டுநர் ஊதியமும் ஏற்றல் மாற்சரியத்துக்கும் மருந்தாகும். காரைத்தான் தர வேண்டும் என்பதில்லை; மலையூர்களில் அவசரத்துக்கு ஜீப் வாடகை கொடுக்க ஒரு சிறு வைப்புநிதி ஏற்படுத்துவது, நிற்கும் காரைவிட அதிகம் பேரைக் கீழே இறக்கக்கூடும்.

தாள் வேலையைக் குறித்துச் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். பலர் வழுக்குவது இவ்விடத்தில்தான். “தெரிந்தவர்கள்தானே, பெயர் மாற்றத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று சாவியைக் கொடுத்துவிடுகின்றனர். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, மாநிலத்துக்குள் உரிமை மாறினால் கொடுப்பவர் 14 நாள்களுக்குள்ளும், பெறுபவர் 30 நாள்களுக்குள்ளும் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்தல் வேண்டும். அதற்குரியவை படிவம் 29, படிவம் 30. கடனில் வாங்கிய காராயின் வங்கியின் தடையின்மைக் கடிதமும் படிவம் 35ம் கொண்டு அடமானப் பதிவை முதலில் நீக்க வேண்டும். காப்பீட்டையும் புதிய உரிமையாளர் பெயருக்கு மாற்ற 14 நாள்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். கைமாறிப் போன வண்டி விபத்துக்குள்ளானாலும், பதிவேட்டில் எவர் பெயர் இருக்கிறதோ அவரே சட்டத்தின் கண்ணில் உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருடையதே என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது. மனத்தால் துறந்து, ஏட்டால் துறவாத பொருள் இது! பெறுவது அறக்கட்டளையாயின் அதன் பெயரிலேயே பதிவு மாற வேண்டும். அங்குப் பணிபுரியும் ஒருவரின் சொந்தப் பெயருக்கு மாற்றுதல் பிற்காலத்தில் மனவருத்தத்துக்கு வித்தாகும்.

ஆர்.சி. எனப்படும் பதிவுச் சான்று சொந்தக் கார்களுக்கு 15 ஆண்டு செல்லும். அதன்பின் சோதனைக்கு உட்படுத்தி ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். அரசுத் துறைகள், பாதுகாப்புப் பணிக்கான சிறப்பு வாகனங்கள் நீங்கலாக, தங்கள் வண்டிகளை 15 ஆண்டுக்குப் பின் புதுப்பிக்கலாகாது என்பது 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. அரசு தனக்கே வேண்டாம் என்று ஒதுக்கும் வயதுடைய காரை மலைவாழ் மக்களுக்கு அனுப்புவது எவ்வகையிலும் அழகன்று. அத்தகைய காரைப் பதிவு பெற்ற வாகன உடைப்பு நிலையத்தில் ஒப்படைத்து, கிடைக்கும் இரும்பு விலையை அனுப்பலாம். தொகை சிறிதாயினும் அதனால் எவர் உயிருக்கும் தீங்கில்லை. பழைய காரை ஆம்புலன்சாக மாற்றித் தருவோம் என்று ஆர்வத்தோடு புறப்படுவோரும் உளர். வண்டியின் அமைப்பை மாற்றுவதற்குப் பதிவு அலுவலகத்தின் முன் அனுமதி வேண்டும். ஆம்புலன்சுக்கென்று தனித் தரவிதிகளும் உள்ளன. சிவப்பு விளக்கும் ஒலிப்பானும் பொருத்தினால் ஆம்புலன்சு ஆகிவிடாது.

தமிழில் கார் என்ற சொல்லுக்குக் கருமேகம் என்பது பொருள். கைம்மாறு கருதாத கொடைக்கு மேகத்தை உவமை சொல்வது புலவர் மரபு. மேகத்தின் மேல் எவர் பெயரும் எழுதியிருப்பதில்லை. ஆனால் கொடையாகச் செல்லும் இக்காலக் காரின் நான்கு பக்கமும் கொடையாளரின் பெயர் இருக்கும். தந்தை பெயரும் ஊர்ப் பெயரும் தொடரும். குழல் விளக்கில் உபயதாரர் பெயர் எழுதி வெளிச்சத்தை மறைத்த கதை எல்லாரும் அறிந்ததே. அவசரத்தில் ஏறும் நோயாளிக்கு அவ்வண்டியில் தெரிய வேண்டியது தொலைபேசி எண் ஒன்றே.

இங்குக் கொல்லிமலை ஓரியை மீண்டும் நினைத்தல் தகும். வன்பரணர் புறநானூற்றில் அவனைப் பாடியிருக்கிறார். காட்டு வழியே நடந்து களைத்த இசைவாணர் கூட்டம் ஒன்று, வில்லேந்திய வேட்டுவன் ஒருவனைக் காண்கின்றது. அவன் தோற்றம் செல்வனுடையதாக இருக்கிறது. அவன் இன்னான் என்றறியாமலே அவர்கள் இசைத்துப் பாடுகின்றனர். பாட்டினிடையே அரசனைக் குறிக்கும் சொல் வருகின்றது. அது தன்னையே குறிப்பதால் அவன் நாணுகிறான். உம்மை ஒத்த வேட்டுவர் எங்கும் இல்லை என்று அவர்கள் புகழத் தொடங்க, வேண்டியதைச் சொல்லி முடிக்கவும் விடாமல் முதலில் பசிக்கு உணவு தருகிறான். பின்னர்த் தன் மலையில் பிறந்த பொன்னையும் மணியையும் தருகிறான். வேட்டையும் ஊனும் கள்ளும் வரும் அப்பாட்டைச் சமணர் முழு மனத்தோடு சுவைத்தல் அரிது. ஆயினும் இரண்டு செய்திகளை விட்டுவிட முடியாது. நடந்து வந்தவர்க்கு முதலில் வேண்டியது சோறு, பொன் அன்று என்பதை அவன் முகம் பார்த்தே அறிந்தான். கொடுக்கும் நேரத்தில் தன் பெயர் ஒலித்ததும் அவனுக்கு நாணம் வந்தது. ஆடித் திங்கள் 17, 18ஆம் நாள்களில் அம்மலையில் அவனுக்கு அரசு விழா எடுக்கப்படுகின்றது. ஈராயிரம் ஆண்டு கடந்தும் அப்பெயர் அழியாதிருப்பதற்கு அவன் எந்தத் தேரிலும் எழுதி வைக்கவில்லை.

இவ்விழாவுக்கு வந்திருக்கும் இல்லங்களில் எவர் வாசலிலேனும் ஒரு கார் நிற்குமாயின், இன்றிரவே அதன் ஆர்.சி. புத்தகத்தை எடுத்து, முதற்பதிவு நாளையும் காப்பீடு முடியும் நாளையும் பார்த்து வைத்தல் நலம். நாளை நம்பிக்கைக்குரிய பட்டறைக்காரர் ஒருவரிடம் “எனக்கு விற்பதாக எண்ணிச் சொல்லாதீர்கள், உங்கள் மகள் இதில் கொல்லிமலை இறங்கப் போகிறாள் என்று எண்ணிச் சொல்லுங்கள்” என்று கேட்டு, அவர் சொல்வதை எழுதிக்கொள்ள வேண்டும். அதன்பின் மலையில் பணிபுரிவோரை அழைத்து, கார் இருக்கிறது என்று சொல்லாமல், உங்களுக்கு இப்போது எது இல்லை என்று கேட்க வேண்டும். அவர்கள் கூரைக்குத் தகடு என்று சொல்லலாம். மருந்து வைக்கக் குளிர்பெட்டி என்று சொல்லலாம். ஓட்டுநர் இருக்கிறார், வண்டிதான் இல்லை என்றும் சொல்லலாம். கடைசி விடை வந்தால், படிவம் 29ஐயும் 30ஐயும் நிரப்பி, இரண்டாவது சாவியையும் கழற்றிக் கையோடு எடுத்துச் செல்க.